மழை பேக் வாங்கலாமா, மாப்ள?

கடலூர் முதுநகர்
செப்டம்பர் 3

மாப்ள அன்பரசுக்கு, உன் பொண்டாட்டிக்கு அண்ணனாப் பொறந்த காத்தவராயன் எழுதறது.

நீ சௌக்கியமாத்தான் இருப்ப. இல்லன்னா பொன்னி எனக்கு போன் போட்டு ஒப்பாரி வச்சிருக்கும். போன்ல என்ன ப்ளாக் பண்ண, வாட்சப்புல ப்ளாக் பண்ண, சரி, அது மனுசனுக்கு மனுசன் பண்றது. கம்ப்யூட்டர் கோட்டை விளையாட்டுலயுமா பண்ணுவ? மூணு வருசமா ரெண்டு பேரும் சேந்து கட்டுன ராச்சியம் மாப்ள. நெல்லுக் களஞ்சியம் உன்னுது, மதில் என்னுது. போன வாரம் தொறந்தா இங்கிலீசுல என்னமோ வந்து நிக்குது. மெடிக்கல் ஷாப்காரரக் கூட்டியாந்து படிக்கச் சொன்னா, 'அந்த ஆளு உங்களோட ஆட விரும்பலயாம்'னு சத்தமாப் படிக்கறாரு. தெருவே கேட்டுச்சு.

அதான் போஸ்டாபீசுக்குப் போனேன். கவர் என்ன விலைன்னு கேட்டதுக்கு அந்தம்மா என்ன மியூசியத்துலருந்து எறங்கி வந்தவனாட்டம் பாத்துச்சு. அஞ்சாங்கிளாஸ் எழுத்து, ஜேசிபி பக்கெட்டுல அள்ளிக் கொட்டுன மாதிரிதான் இருக்கும். பொறுத்துப் படி.

நம்ம விளையாட்டோட சேத்துக்க மழை பேக்குன்னு புது பாகம் வந்துருக்கு. ஆயிரத்து நானூத்தம்பது ரூவா. உன்னக் கேக்காமயே வாங்கிட்டேன். இடுப்பு ஒடிஞ்சு நான் ஆறு மாசம் படுத்துக் கெடந்தப்ப, பழைய கம்ப்யூட்டர பஸ்ஸுல மடியில வச்சுத் தூக்கியாந்து, 'மண்ணள்ளுற ஆளுக்கு மண்ணள்ளுற விளையாட்டு'ன்னு கத்துக் குடுத்தவன் நீ. குருவக் கேக்காதது தப்பு. அதனால எப்புடி இருக்குன்னு சொல்லிடறேன், வாங்கறதா வேணாமான்னு நீ பாத்துக்க.

முன்னெல்லாம் ஆறுன்னா நீலப் பெயிண்ட்டு. இப்ப தண்ணிக்கு உசுரு வந்துருக்கு. மழை பெஞ்சா மொதல்ல மண்ணு குடிக்குது, குடிச்சு முடிச்சப்பறம்தான் ஓடுது. மணல் ஜாஸ்தி குடிக்குது, களி கம்மி. இருபத்தேழு வருசம் ஜேசிபி ஓட்டுனவன் சொல்றேன், இதச் செஞ்சவன் சேத்துல எறங்குனவன். கொறைன்னா, தவளைச் சத்தம் ஓவர். எதிரிப் படை முன்னவிட மொக்கை, நனைஞ்சுட்டு வந்த வழியே போயிடறானுங்க. ஆனா எதிரியே தேவையில்ல. வானம் கறுத்துச்சுன்னா கோட்டையில இருக்கற குட்டிக் குட்டி மனுசங்க எல்லாம் வேலையப் போட்டுட்டு அப்புடியே நின்னு மேல பாக்கறாங்க. அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல.

வாங்கு மாப்ள. ரெண்டு பேர்ட்டயும் இருந்தாத்தான் ஒரே மேப்ப ரெண்டு பேரும் தொறக்க முடியும்.

அப்பறம், ஆவணியில உன் புது வீட்டுல பால் காச்சுன அன்னிக்கு நான் சொன்னது. 'என் மாப்ள அடுப்படிக்கு கவருமெண்டே பாலம் கட்டிக் குடுத்துருக்கு'ன்னேன். உன் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க, நீ மட்டும் என் கையில இருந்த கேசரித் தட்ட வாங்கி வச்சுட்ட. சரி. ஆனா வீட்டுக்கு மேக்கால மெயின் ரோட்டுக்கு அடியில ஒரு மதகு இருக்குல்ல? மேக்கு வாயி தொறந்து கெடக்கு. கெழக்கு வாயில உன் காம்பவுண்டு செவுரு நிக்குது. அதக் குனிஞ்சு பாத்தியா? பாரு.

தை பொறக்கட்டும், அப்பறம் குடி போ. அதுவரைக்கும் குவாட்டர்ஸ காலி பண்ணாத.

காத்தவராயன்


அண்ணாமலை நகர்
செப்டம்பர் 8

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. பொன்னி படித்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மழை பேக் வேண்டாம். வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தேன். பாதிப் பேர் அருமை என்கிறார்கள், பாதிப் பேர் காசுக்குக் கேடு என்கிறார்கள். கையில் இருக்கும் விளையாட்டே தீர்ந்தபாடில்லை. அதற்குள் இன்னொரு ஆயிரத்து நானூற்றைம்பது எதற்கு? பொங்கலுக்குத் தள்ளுபடி போட்டால் அப்போது யோசிக்கலாம். உங்களோடு ஆடுவதா என்பது வேறு கேள்வி.

இருபத்திரண்டு வருடமாகக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன் மச்சான். எனக்கு முன்னால் இருந்தவர் அடித்த ஆணியில்தான் இன்றுவரை சட்டை மாட்டுகிறேன். சொந்தச் சுவரில் முதல் ஆணி அடித்த நாளில், என் மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது, என் வீட்டைக் கேலி செய்தது நீங்கள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். மனை பார்த்ததும் முதல் போன் உங்களுக்குத்தான் போட்டேன். மண் தெரிந்தவர் என்று. முருங்கைத் தோப்புக்குக் கிழக்கே, மதகைத் தாண்டி என்று இடத்தையும் சொன்னேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. 'நல்ல மேடு மாப்ள, கண்ண மூடிட்டு வாங்கு' என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். இப்போது மதகைக் குனிந்து பார் என்றால் என்ன அர்த்தம்? சொந்தத் தங்கை வீடு கட்டியது பொறுக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை.

புரட்டாசியில் குடி போகக் கூடாது என்று பொன்னி பிடிவாதம். அதனால் தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை, அக்டோபர் 24. குவார்ட்டர்ஸை அன்றே ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்பரசு

பின்குறிப்பு: இது பொன்னி கேட்கச் சொன்னது. புது வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் நண்டு வளைகள். செங்கல் பொடி கொட்டி அடைத்தால் மறுநாள் திறந்திருக்கின்றன. என்ன போட்டால் போகும்?


கடலூர் முதுநகர்
செப்டம்பர் 14

மாப்ள,

நண்டுக்கு எத போட்டாலும் போவாதுன்னு பொன்னிகிட்ட சொல்லு. அதுக்கு அது வீடு. நீதான் புதுசாக் குடி வர்றவன்.

பொறாமைன்னு சொன்ன அந்தச் சிலர் யாருன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக் கண்ணாடில தெனமும் சவரம் பண்றவருதான? போவட்டும்.

மழை பேக்க நம்பலாமா கூடாதான்னு நானே சோதிச்சுப் பாத்துட்டேன். அதச் சொல்றேன் கேளு. விளையாட்டுல நாமளே மேப்பு வரையலாம்ல? எங்க தெருவ வரைஞ்சேன். பள்ளம் எது, மேடு எது, எந்தச் சாக்கடை எங்க போயி விழுதுன்னு எனக்கு மனப்பாடம். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல வெள்ளம் வந்தப்ப எங்க வாசல்ல மூணாம் படியில தண்ணி நின்னுச்சு. ஆணியால செவுத்துல கீறி வச்சிருக்கேன், நீயே பாத்துருக்க. அந்த வருசத்து மழையளவு மெடிக்கல் ஷாப்காரரு செல்லுல தேடிக் குடுத்தாரு. அதையே போட்டு வுட்டேன். தண்ணி ஏறுச்சு, ஏறுச்சு, மூணாம் படியில வந்து நின்னுச்சு. நாலாம் படிக்கு ஏறல மாப்ள. டீ கையிலயே ஆறிப் போச்சு.

அதோட சும்மா இருந்துருக்கலாம். உன் நகரையும் வரைஞ்சேன். பன்னெண்டு வீடு, தோப்பு, மெயின் ரோடு, மதகு. மொதல்ல வாய்க்கால வரைஞ்சு, அப்பறம் ஆள வுட்டுத் தூர்த்து, அதுமேல மேடு போட்டு வீட்ட வச்சேன். பச்சப்பசேல்னு புல்லு மொளைச்சுது. லட்சணமா இருந்துச்சு.

மழைய வுட்டேன். மொத நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாள் மேக்கால வயலு நெறைஞ்சு, மதகு வாயில தண்ணி வந்து நின்னுச்சு, கதவத் தட்டிட்டு வெளிய காத்துட்டிருக்கறவனாட்டம். நான் ரோட்டையே பாத்துட்டிருந்தேன். ரோட்டு மேல ஏறித்தான வரணும்? ஏறல. மூணாம் நாள் உன் அடுப்படி நடுத் தரையில ஒரு நீலப் பொட்டு. அடியிலருந்து. பொட்டு தட்டாச்சு, தட்டு அண்டாவாச்சு. மதில்ல காவல் நிக்கறவனுங்க மேக்கால ஈட்டிய நீட்டிக்கிட்டே நிக்கறானுங்க. பின்னால கஞ்சி காச்சற எடத்துல தண்ணி.

மழைய கூட்டிக் கொறைச்சு நாலு தடவ வுட்டேன். நாலு தடவையும் அதே பொட்டு, அதே எடம்.

ப்ரவுசிங் சென்டர்ல அந்தப் படத்த பிரிண்ட்டு போட்டு இதோட வச்சிருக்கேன். கலர் பிரிண்ட்டு. உனக்காகத்தான்.

வாங்கு மாப்ள. தவளைச் சத்தத்த கொறைச்சு வச்சுக்கலாம், ஆப்ஷன் இருக்கு.

காத்தவராயன்


அண்ணாமலை நகர்
செப்டம்பர் 19

மச்சானுக்கு,

படத்தைப் பார்த்தேன். கிழித்துப் போட நினைத்தேன். அதற்குள் பொன்னி வாங்கிப் பார்த்துவிட்டாள். நீலப் பொட்டின் மேல் விரலை வைத்து, 'இந்த எடத்துலதாங்க ரெண்டு டைல்ஸ் தட்டுனா வேற சத்தம் வருது' என்றாள். கொத்தனார் சரியாகப் பதிக்கவில்லை என்று அதுவரை நினைத்திருந்தாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

நீங்கள் கையால் வரைந்த மேப்பில், நீங்கள் போட்ட மழையில், நீங்கள் காட்ட நினைத்த இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. இதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. வெளிநாட்டில் யாரோ குளிர் அறையில் உட்கார்ந்து செய்த விளையாட்டுக்குச் சிதம்பரத்து மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 'மொதல்ல வாய்க்கால வரைஞ்சு, அப்பறம் தூர்த்து' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாய்க்கால்? பத்திரத்தில் இல்லை. மனைப் பிரிவு வரைபடத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரும் சொன்னதில்லை. நீங்கள் வரைந்திருப்பது பன்னிரண்டு அடி அகலம், தோப்பு முனையில் தெற்கே ஒரு வளைவு. கற்பனையாக வரைகிறவன் நேராகத்தான் போடுவான். வளைவு போட மாட்டான்.

நேற்று ஆபீஸிலிருந்து வரும் வழியில் மதகில் இறங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கல்லை எறிந்தேன். எதிரே என் காம்பவுண்டுச் சுவர். அதில் பட்ட சத்தம் வர வேண்டும். வரவில்லை. வெகு நேரம் கழித்து எங்கோ கீழே தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது. தவளையாகவும் இருக்கலாம்.

இது உங்கள் வழக்கமான வேடிக்கை என்றால் இத்தோடு நிறுத்துங்கள். வேடிக்கை இல்லை என்றால், அந்த வளைவு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள்.

அன்பரசு


கடலூர் முதுநகர்
செப்டம்பர் 26

மாப்ள,

இந்தக் கடுதாசிய மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். அஞ்சாங்கிளாசுல வாய்ப்பாடு கேட்டப்பகூட நான் இப்புடி முழிச்சதில்ல.

அந்த வளைவு எனக்குத் தெரியும். அந்த வாய்க்கால தூர்த்தவன் நான்.

பதினாலு வருசம் ஆச்சு. சித்திரை மாசம், சொட்டுத் தண்ணி இல்லாம காஞ்சு கெடந்துச்சு. மூணு நாள் வேலை. தூர்த்துக் குடுன்னு மனை போட்டவர் சொன்னாரு, வண்டிய எறக்குனேன். எதுக்குன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. கழுத்தளவு ஆழம். இடிச்ச வீட்டு ரப்பீஸ், சூளைக் கழிவு, வாழைக்கட்டை, தோப்புல வெட்டிச் சாச்ச முருங்கை, எது கெடைச்சுதோ அத உள்ள தள்ளுனேன். மேல நாலடி கிராவல் மண்ணு. மரமும் மட்டையும் மக்குனா உள்ள எடம் காலியாவும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். மதக மட்டும் தொட முடியல, அது ரோட்டுக்குச் சொந்தம். அதான் இன்னும் நிக்குது.

நீ போன் போட்டு எடத்தச் சொன்னியே, அப்ப எனக்கு வாய்க்கா ஞாபகத்துக்கு வரல மாப்ள, சத்தியமா. மேடுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நான் போட்ட மேடு. பக்கெட்டு முதுகால தட்டித் தட்டி, தண்ணி டம்ளர வச்சா அலும்பாத மாதிரி லெவல் புடிச்ச மேடு. வண்டியிலருந்து எறங்கி நின்னு நானே அத ரசிச்சிருக்கேன். எங்களாட்டம் ஆளுங்களுக்கு மேல தெரியறதுதான் நெலம். அந்தப் பெருமையில வந்துச்சு வார்த்தை, 'நல்ல மேடு'ன்னு.

பால் காச்சுன அன்னிக்கு வாசல் கேட்டுகிட்ட நிக்கறப்பதான் மதகு கண்ணுல பட்டுச்சு. அப்பத்தான் வாய்க்கா ஞாபகத்துக்கு வந்துச்சு. எனக்குப் பயம் வந்தா வாயில கேலிதான் வரும், உனக்குத் தெரியாதா? உன்னச் சிரிக்க வைக்கறதுக்குச் சொல்லல மாப்ள. உண்மைய அப்புடித்தான் சொல்ல வந்துச்சு.

விளையாட்டுல எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன். உன் வீட்டச் சுத்திக் கரை போட்டா, பக்கத்து வரிசை ஆறு வீடு முழுகுது. மதக அடைச்சா, ரோட்டுக்கு மேக்கால சேந்து சேந்து அஞ்சாம் நாளு மொத்தமா ஒடைச்சுக்கிட்டு வருது. பன்னெண்டு வீடும் போவுது. வீட்ட ஒசத்துனாலும் அடிமண்ணு கரைஞ்சு சாயுது. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. பழைய வாய்க்கால திரும்ப வெட்டணும். அது உன் மேக்குச் செவுரு, அடுப்படி, பின்கட்டு, அதத் தாண்டிக் காலி மனை வழியாப் போவுது. அடுப்படியும் பின்கட்டும் போவும். மத்த ரூம்பும், மத்த பதினோரு வீடும் நிக்கும்.

என்ன நம்ப வேணாம். நான் சொல்லித்தான ஒரு தடவ கண்ண மூடுன. இந்தத் தடவ கண்ணத் தொறந்து பாரு. மேப்ப பென் டிரைவுல போட்டு இதோட கொரியர்ல அனுப்பறேன். மழை பேக் இல்லாம அது தொறக்காது. வாங்கு.

பொன்னி என் மொவத்துல முழிக்க வேணாம்னு சொன்னா சரின்னுடுவேன்.

காத்தவராயன்


அண்ணாமலை நகர்
அக்டோபர் 9

மச்சான்,

வாங்கினேன்.

எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. உங்கள் மழையைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் வர வேண்டிய பொட்டு ஐந்தாம் நாள் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். கடைசியாக ஒரு முறை மழையே இல்லாமல் ஓட்டினேன். புல் வளர்ந்தது. குட்டி மனிதர்கள் நெல் காய வைத்தார்கள். ஆனாலும் அவ்வப்போது நின்று மேலே பார்த்தார்கள்.

நாங்கள் அங்கே குடி போகவில்லை. குவார்ட்டர்ஸுக்கு நீட்டிப்புக் கேட்டு வாங்கிவிட்டேன். நல்ல நாள் தள்ளிப் போகிறது என்று மட்டும் பொன்னியிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

வீட்டை விற்கிறேன். ஆள் கிடைத்துவிட்டது. ஆரோக்கிய ஜெகன், உங்கள் கடலூர்க்காரர்தான். மனைவி மேரி ஷாலினி இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு வருடமாக வாடகை வீடு. ஷாலினி சமையலறையை ஜாண் போட்டு அளந்து பார்த்து, ஃப்ரிட்ஜ் எங்கே வைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். அந்த இரண்டு டைல்ஸ் மேல் நின்றுகொண்டுதான்.

ஜெகன் நிதானமானவர். மண் எப்படி என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் பேசுவார். எனக்குச் சொன்ன அதே வார்த்தையை அவருக்குச் சொன்னால் போதும். அன்று தெரியாமல் சொன்னீர்கள். இன்று எனக்காகச் சொல்லுங்கள். இது நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது.

மழை பெய்யாமலும் போகலாம். எத்தனையோ வருடம் ஏமாற்றியிருக்கிறது. பதினாலு வருடம் நின்ற மண் இன்னும் பதினாலு வருடம் நிற்கலாம்.

மழை பேக் வாங்கலாமா என்று கேட்டீர்களே. வாங்கியிருக்கக் கூடாது. வாங்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் நான் நல்லவனாகவே குடியேறியிருப்பேன்.

அன்பரசு


கடலூர் முதுநகர்
அக்டோபர் 15

மாப்ள,

வாங்குனது வாங்குனதுதான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடிட்டா கம்பெனிக்காரன் காச திருப்பித் தர மாட்டான். நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

ஜெகன் போன் பண்ணாரு. 'அண்ணே, அன்பரசு சார் சொன்னாரு, நீங்க மண்ணு தெரிஞ்சவராம்'ங்கறாரு. பின்னால அந்தம்மா கொரலு, 'தண்ணி நிக்குமான்னு கேளுங்க, மொதல்ல அதக் கேளுங்க'ன்னு. என் வாயி தானா ஆரம்பிச்சுருச்சு மாப்ள, 'நல்ல...'ன்னு. அது பாட்டுக்கு வருது. மீதிய முழுங்கிட்டேன்.

'நல்லன்னா என்னண்ணே?'

'நல்ல விளையாட்டு ஒண்ணு இருக்கு சார். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, காட்டறேன்.'

குடிச்சிருக்கேன்னு நெனச்சிருப்பாரு. ஆனா வந்தாங்க. இங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்க, மாதா கோயில்ல பூசை முடிஞ்சு அப்புடியே ரெண்டு பேரும் வந்துட்டாங்க. அந்தம்மா கையில ஒரு சீப்பு வாழைப்பழம். வீடு வாங்கிக் குடுக்கற அண்ணனுக்குன்னு.

ஸ்டூலு போட்டு உக்கார வச்சு மழைய வுட்டேன். மொத நாளு ஜெகன் சிரிச்சாரு, 'சின்னப் புள்ளையாட்டம் இத ஆடறீங்களா?'ன்னாரு. ரெண்டாம் நாளு சிரிப்ப நிறுத்திட்டாரு. மூணாம் நாளு பொட்டு வந்துச்சு. அந்தம்மா எழுந்து கிட்ட வந்து, குனிஞ்சு, விரலால ஸ்கிரீனத் தொட்டுது.

'இது எங்க கிச்சனாண்ணே?'

'இன்னும் இல்லம்மா'ன்னேன்.

அப்பறம் வாய்க்கால், ரப்பீஸ், எல்லாத்தையும் சொல்லிட்டேன். தூர்த்தது நாந்தான்னும் சொன்னேன். நீ பொட்ட பாத்துட்டுத்தான் விக்கற, அத மட்டும் சொல்லல. அது உன் வாயால வரட்டும். எழுந்து போறப்ப வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே ஜெகன் ஒரு வார்த்த கேட்டாரு. 'மத்த பதினோரு வீட்டுக்கும் தெரியுமாண்ணே?'

'தெரியாது சார், சொல்லிடறேன்'னேன்.

இங்க கடல் நெறம் மாறிப் போச்சு. துறைமுகத்துல போட்டையெல்லாம் கரைக்கு ஏத்தி ரெண்டு கயிறு போட்டுக் கட்டறாங்க. தீபாவளி மத்தாப்பு இந்த வருசம் நனைஞ்சதுதான்னு பேசிக்கறாங்க. நம்ம மேப்புல ரெண்டாம் நாளு இருக்குற மாதிரியே இருக்கு வானம். தெருவுல நடக்கறவங்க நின்னு நின்னு மேல பாக்கறாங்க மாப்ள. எனக்கு அது புடிக்கலன்னு மொதக் கடுதாசிலயே சொன்னேன்.

எங்க ஜேசிபி ஓனர்கிட்ட வண்டி கேட்டுட்டேன். இடுப்பு தாங்குமான்னாரு. தாங்கலன்னா நீங்களே வந்து அள்ளுங்கன்னேன். அக்டோபர் 24 வெள்ளிக்கிழம, நீ குடி போறதுக்குக் குறிச்ச அதே நாளு, காலையில ஏழு மணிக்கு மதகு மேல வண்டியோட நிப்பேன். நீ சொல்லாம பக்கெட்டு எறங்காது. அது உன் வீடு, உன் செவுரு, நீ அடிச்ச ஆணி. வேணாம்னா திரும்பிடறேன். ஆனா பதினோரு கதவையும் தட்டிட்டுத்தான் திரும்புவேன். எல்லார்ட்டயும் திட்டு வாங்கற தெம்பு எனக்கு இருக்கு. முப்பது வருசமா பொன்னிகிட்ட பழகுனதுதான்.

நான் உனக்குச் செய்ய வேண்டியதுன்னு எழுதியிருந்த. செய்யறேன் மாப்ள. நீ கேட்டது அது இல்ல, அவ்ளோதான்.

காத்தவராயன்


மதகு
வெள்ளிக்கிழமை, விடியற்காலை

மச்சான்,

இதைத் தபாலில் போடவில்லை. பாலித்தீன் பையில் சுற்றி மதகுக் கட்டை மேல் கல் வைத்துவிட்டுப் போகிறேன். ஏழு மணிக்கு நீங்கள் இங்கேதான் நிற்பீர்கள்.

புதன்கிழமை பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தூர்த்ததை. நான் விற்கப் பார்த்ததை. உங்களைப் பற்றிச் சொன்னபோது, 'அது வேலை, தெரியாமப் பண்ணுச்சு' என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டே அந்த வீட்டுக்குப் போய் புது அடுப்பை மட்டும் கழற்றி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

இன்று மூன்றாம் நாள் மழை. ரோட்டில் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்துத்தான் பதினோரு வீட்டிலும் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள். மேற்கே வயல் எது வரப்பு எது என்று தெரியவில்லை. மதகின் மேற்கு வாய் மூழ்கிவிட்டது.

சமையலறைக்குள் போனேன். நண்டுகள், பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் கதவைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்றன. அந்த இரண்டு டைல்ஸும் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகின்றன. நடுவில் பொட்டு வந்துவிட்டது. நீலமாக இல்லை மச்சான். மண் நிறம். மழை பேக்கில் தப்பு அது ஒன்றுதான்.

நான் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. நீங்கள் இதைப் படிக்கும்போது நாலாவது வீட்டுக் கதவிலோ ஐந்தாவது வீட்டுக் கதவிலோ நின்று, பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் முதலில் சிரிப்பார்கள். அதற்குள் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்கு உதவியாக இருக்கும்.

வாசல் சாவியை இந்தப் பையிலேயே வைக்கலாம் என்று எடுத்துவந்தேன். எதற்கு என்று இப்போதுதான் தோன்றுகிறது. மேற்குச் சுவரை இடித்துக்கொண்டு வாங்க. தண்ணி வர்ற வழியிலேயே வாங்க.

அன்பரசு